காரணம் சொல்வது

குறை நீங்கிவிட்டது என்பதாலேயே குறையின் காரணம் தெரிந்துவிட்டதாகுமா? கேள்வி பழையது. எனக்கு அது நெய்வேலியில், என் மாமாவின் பழைய பிக்கப் வண்டியில் வந்து சேர்ந்தது.

மாமா பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிவந்து டவுன்ஷிப்பில் விற்பவர். வண்டி கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் வண்டி. நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காக ஓடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தடையில்லாமல் இழுக்கும். 45 கிலோமீட்டர் வேகத்தில் காலை அசைக்காமல் வைத்திருந்தால் மட்டும் திக்கும்.

முதலில் பார்த்த மெக்கானிக் பிளக், பாயிண்ட், காயில், ஏர் பில்டர் எல்லாவற்றையும் மாற்றினார். கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவி மாட்டினார். வண்டி ஓடியது. என்ன கோளாறு என்று மாமா கேட்டதற்கு, "காயில் போயிருந்துச்சு" என்றார். மாற்றியதில் அதுதான் விலை அதிகம். இரண்டு மாதம் கழித்து ஆர்ச் கேட் அருகே மறுபடியும் அதே திக்கல்.

இரண்டாவது ஆள் வயதானவர். பட்டறையில் வண்டியைத் தொடவில்லை. ஏறி உட்கார்ந்து, 45-ல் பிடித்து ஓட்டச் சொன்னார். திக்க ஆரம்பித்ததும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தார். திக்கல் நின்றது. காற்றைக் குறைத்தால் சரியாகிறது என்றால், அந்த வேகத்தில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். நின்று ஓடும்போது பெட்ரோல் வருவது வேறு துவாரம் வழியாக. மிதிக்கும்போது ஒரு சிறு பம்ப் கூடுதலாகப் பீய்ச்சிக் குறையை மூடிவிடுகிறது. சீரான வேகத்தில் மெயின் ஜெட்தான் பொறுப்பு. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். துவாரத்தில் ஒரு துகள் துரு. அது வந்த இடம் பெட்ரோல் டாங்க்.

முதல் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவியபோது அப்போதிருந்த துரு போயிருக்க வேண்டும். அவரும் குணப்படுத்தியவர்தான். எதைக் குணப்படுத்தினோம் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே டாங்கைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

டாங்கைச் சுத்தம் செய்த பிறகு பெரியவர் இன்னொன்றும் செய்தார். மாமா தூக்கி எறியாமல் வைத்திருந்த பழைய காயிலை வாங்கி மாட்டி, மறுபடி ஓட்டிக் காட்டினார். திக்கல் இல்லை. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதான் ஓடுதே, இத எதுக்குக் காட்டறீங்க? கொடுத்த காசு திரும்பியா வரப்போவுது?" பெரியவர், "அடுத்த தடவ காயில் வாங்காம இருப்பீங்கல்ல" என்றார்.

இரண்டு நிலைமைகள் ஒரே ஒரு அம்சத்தில் மட்டும் வேறுபட்டால்தான், விளைவின் வேறுபாட்டை அந்த அம்சத்தின் தலையில் வைக்கலாம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ல் வெளியிட்ட தர்க்க நூலின் வாதம் இது. பெரியவர் செய்ததும் இதுவே. குறளின் மருந்து அதிகாரம் நோய், நோயின் முதல், அதைத் தணிக்கும் வழி என்ற மூன்றையும் தனித்தனியே நாடச் சொல்கிறது. நாமோ மூன்றாவது கிடைத்ததும் இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

நெய்வேலி என்ற ஊரே அந்தப் பாகுபாட்டின் மேல் நிற்கிறது. இங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் நீர் இருக்கிறது. மேல்மண்ணை அகற்றினால் பாரம் குறைந்து, நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். வந்த நீரை இறைத்துக் கொட்டுவது ஒரு காரியம். வருவதற்கு முன்பே கிணறுகள் போட்டு அடியிலுள்ள அழுத்தத்தைக் குறைப்பது வேறு காரியம். 1956-ல் நிறுவனம் ஏற்பட்டு, 1961-ல் கரியை எட்ட முடிந்தது இரண்டாவதைச் செய்ததால். அந்தப் பம்புகள் இன்றும் இரவு பகலாக ஓடுகின்றன. காரணம் தெரிந்தவனுக்குத்தான் எதை நிறுத்தக்கூடாது என்பதும் தெரியும்.

மாமாவின் கட்சியை நான் லேசாகத் தள்ளவில்லை. பழம் அழுகிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதில் தப்பில்லை. மாற்றிய பிறகு அதில் ஒன்றின் பேரைச் சொன்னதுதான் தப்பு. 'எதனால் சரியாயிற்று என்று தெரியவில்லை' என்று சொல்ல முதல் மெக்கானிக்குக்கு மனம் வரவில்லை. தெரியாது என்பவனுக்கு நாம் கூலி கொடுக்கத் தயங்குகிறோம். அந்த அளவில் அவர் பொய்யில் மாமாவுக்கும் எனக்கும் பங்குண்டு.

நானும் காயில் பேர் சொன்னவன். ஒரு நண்பரின் இரண்டாவது கவிதைத் தொகுப்பு தொய்ந்திருந்தது. மொழிபெயர்ப்புக் கவிதைகளை அதிகம் படித்ததே காரணம் என்று மதிப்புரையில் நிச்சயமாக எழுதினேன். அவர் அவற்றைப் படிப்பதை விட்டார். மூன்றாவது தொகுப்பு நன்றாக வந்தது. என் கணிப்பு பலித்ததாக நாலு பேர் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் இடையில் அவர் வேலை மாறியிருந்தார், ஊர் மாறியிருந்தார், எழுதும் நேரம்கூட மாறியிருந்தது. எது காரணம் என்று எனக்குத் தெரியாது. அப்போதும் தெரிந்திருக்கவில்லை.

இன்றுவரை அவர் மொழிபெயர்ப்புக் கவிதை படிப்பதில்லை. போன வாரம் அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல ஒரு வரி போதும். அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை. கட்டுரைதான் முதலில் முடிந்திருக்கிறது.