உன் பெருவிரல் எவனுடைய சொத்துமில்லை

தம்பி, தங்கச்சி, ஒருக்கா தலையை நிமிர்த்து. தன்னாமுனையில் திருமலை வீதியோரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், வாவிக் கரையில் காற்று வாங்கக் குந்தியிருக்கும்போதும் பெருவிரலால் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாயே, உன்னோடுதான் கதைக்கிறேன். உன்னை ஏச வரவில்லை. உனக்கு உன் பெறுமதி தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

"நான் ஆர்? மட்டக்களப்பில் ஒரு மூலையில் கிடக்கிறவன். அமெரிக்காவில் இருக்கிற கோடீஸ்வரனுக்கு முன்னால் என்ன செய்ய ஏலும்?" என்று நீ கேட்கக்கூடும். கணக்கைப் பார். பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் இன்ஸ்டகிராமையும் கையில் வைத்திருக்கும் மெட்டா நிறுவனம் 2024ஆம் ஆண்டில் 164 பில்லியன் டொலருக்கு மேல் வருமானம் பார்த்தது. அதே ஆண்டில் இந்த முழு இலங்கையும், இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனம், வயலிலும் கடலிலும் தேயிலையிலும் தையல் ஆலையிலும் பாடுபட்டு உண்டாக்கிய மொத்த உற்பத்தி ஏறத்தாழ 100 பில்லியன் டொலர்தான். மெட்டாவின் பணத்தில் கிட்டத்தட்ட முழுவதும் விளம்பரத்தால் வந்தது. விளம்பரக்காரனுக்கு அவர்கள் விற்றது எதை? நீயும் உன்னைப் போன்ற கோடிக்கணக்கான பேரும் திரையைப் பார்த்த நேரத்தை. உன் கண் அந்தப் பக்கம் திரும்பாவிட்டால் அந்தக் கொம்பனியிடம் விற்பதற்கு ஒன்றுமே இல்லை. அவன்தான் உன்னை நம்பிப் பிழைக்கிறான்!

பிறகு ஏன் நீ கூனிக் குறுகி நிற்கிறாய்?

எதிரே நிற்பவர்களைச் சரியாகத் தெரிந்துகொள். மார்க் சக்கர்பேர்க் 2004இல் பேஸ்புக்கைத் தொடங்கினார். 2012இல் ஒரு பில்லியன் டொலருக்கு இன்ஸ்டகிராமை வாங்கினார். 2014இல் வட்ஸ்அப்பை வாங்க ஒப்பந்தம் போட்டபோது சொல்லப்பட்ட விலை 19 பில்லியன். நீ மூன்று செயலி என்று நினைப்பது மூன்றும் ஒரே வளவு. அந்தக் கொம்பனியில் அவர் வைத்திருக்கும் சிறப்புப் பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு. அதனால் மொத்தப் பங்கில் சிறு பகுதியே அவரிடம் இருந்தாலும் வாக்கில் பாதிக்கு மேல் அவர் கையில். மற்றப் பங்குதாரர் எல்லாரும் ஒன்றாய்த் திரண்டாலும் அவரை அசைக்க முடியாது. நாடாளுமன்ற உறுப்பினரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது நாம் வீட்டுக்கு அனுப்பலாம். இவரை எவரும் அனுப்ப ஏலாது.

இலோன் மஸ்க் 2022 ஒக்டோபரில் 44 பில்லியன் டொலருக்கு டுவிட்டரை வாங்கி, ஒரு மாதத்துக்குள் ஊழியரில் ஏறத்தாழப் பாதிப் பேரை வெளியே அனுப்பினார். பிறகு பெயரையும் எக்ஸ் என்று மாற்றினார். 2024 அமெரிக்கத் தேர்தலில் ட்ரம்ப் வெல்வதற்காக 250 மில்லியன் டொலருக்கு மேல் கொட்டியவரும் அவரே. உலகம் ஊர்க்கதை கதைக்கும் சந்தியை ஒரு மனிதன் விலைக்கு வாங்கி, அங்கே யார் குரல் உரக்கக் கேட்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறான். இதைச் சும்மா வியாபாரம் என்று சொல்லி ஒதுக்க என்னால் முடியாது. இது ஆட்சி. வாக்குப் போடாமல் வந்த ஆட்சி.

அந்த ஆட்சி நம் முற்றத்தில் என்ன செய்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா?

2017இலிருந்து பேஸ்புக் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு பதிவுக்குக் கீழே நீ விருப்பக் குறி போட்டால் ஒரு புள்ளி. கோபமுகம் போட்டால் ஐந்து புள்ளி. அழுகை, சிரிப்பு, வியப்பு எல்லாவற்றுக்கும் அப்படியே ஐந்து. புள்ளி கூடக் கூடப் பதிவு இன்னும் பல பேர் கண்ணில் படும். இந்தக் கணக்கை வெளியே சொன்னவை 2021இல் கசிந்த அந்தக் கொம்பனியின் சொந்த ஆவணங்களே. கோபமூட்டுகிறவன் ஒரே பாய்ச்சலில் முன்னுக்குப் போகும்படி பாதை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கணக்கு நடைமுறையில் இருந்த காலத்தில்தான், 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் தன் கறியில் ஏதோ கட்டி கிடப்பதாகக் கத்தினார். மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று கூட்டம் சூழ்ந்து மிரட்டியது. தமிழ் பேசும் அந்தக் கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக விளங்காது. பயத்தில், ஓம் போட்டோம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் ஏற்றினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: அது மாக்கட்டி. வெறும் மா! உணவில் கலந்து மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே கிடையாது. ஆனால் மாக்கட்டி என்ற உண்மைக்கு எவன் கோபமுகம் போடுவான்? அது ஊர்ந்து வந்தது; பொய் பறந்து போனது. ஒரு கிழமைக்குள், வீதித் தகராறில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் இறந்ததைச் சாட்டாக வைத்துக் கண்டி திகனையில் தீ மூட்டினார்கள். கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. தீப்பிடித்த வீட்டுக்குள் அகப்பட்டு ஓர் இளைஞன் செத்தான்.

சிங்களத்தில் எழுதிய வெறுப்பை நீக்குங்கள் என்று நம் நாட்டுச் செயற்பாட்டாளர்கள் அதற்கு முன்பே முறையிட்டுக் களைத்திருந்தார்கள். பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் கழித்து வந்த மன்னிப்பு எரிந்த எந்தக் கடையையும் திருப்பிக் கட்டவில்லை.

அடுத்ததைச் சொல்ல இன்னும் நெஞ்சு அடைக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடித்து வந்து நின்ற பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ முப்பது உயிர் போனது. குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடிக்காரன். அவன் வெறுப்புப் பேச்சுகள் தமிழில்தான் பேஸ்புக்கிலும் யூடியூபிலும் சுற்றின. அவனை முதலில் எதிர்த்ததும் முறையிட்டதும் முஸ்லிம்களே என்பதை நீ ஒருநாளும் மறக்கக்கூடாது. நம் தாய்மொழியில், நம் வாவியின் கரையில் நின்றுகொண்டு ஒருவன் நஞ்சைக் கக்கினான். அதைத் தமிழில் கேட்டு விளங்கி நிறுத்த, உலகத்தின் பணத்தையெல்லாம் வைத்திருந்த கொம்பனிகளுக்கு முடியவில்லை. நம் மொழி அவர்களுக்கு விளம்பரம் விற்க மட்டும் தேவைப்பட்டது.

அரசாங்கம் காப்பாற்றும் என்று இருக்கிறாயா? 2018இலும் 2019இலும் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் சமூக ஊடகங்களை மொத்தமாகப் பூட்டுவது. 2022 ஏப்ரல் 3இல் மக்கள் வீதிக்கு இறங்கத் தயாரானபோதும் அதே பூட்டைப் போட்டார்கள், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. 2024 தொடக்கத்தில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கோடீஸ்வரனிடமிருந்து பிடுங்கி ஓர் ஆணைக்குழுவிடம் கொடுப்பதால் உனக்கும் எனக்கும் என்ன விடிவு?

ஆகவே மிச்சம் இருப்பது நீ. நீயேதான்! அது சின்ன விஷயம் என்று நினைக்காதே.

2021 பெப்ரவரியை நினைத்துப் பார். பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை ஒரு பேரணி, கொட்டும் மழையில், நீதிமன்றத் தடைகளைத் தாண்டி, நம் மட்டக்களப்பு வழியாகப் போனது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைத் தூக்கிக்கொண்டு தமிழ்த் தாய்மார் நடந்தார்கள். கொரோனாவில் இறந்தோரைப் பலவந்தமாக எரித்ததை எதிர்த்து முஸ்லிம் சகோதரர் அதே வரிசையில் சேர்ந்தார்கள். 1990இல் தமிழ், முஸ்லிம் ஊர்களில் நடந்த கொலைகளால் ஒருவரை ஒருவர் பார்க்கவே அஞ்சிய ஊர்களின் பிள்ளைகள் அவர்கள். 2019இன் புகை அடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பேரணியின் படங்களும் இதே போன்களில், இதே பேஸ்புக்கில்தான் பறந்தன. எந்தக் கோடீஸ்வரனின் கணக்கும் அந்தச் சனத்தை ஒன்றாக நடக்கச் சொல்லவில்லை. மனிதர் முதலில் முடிவெடுத்தார்கள், கருவி பின்னால் வந்தது. இந்த ஒழுங்கை மட்டும் நீ பிடித்துக்கொண்டால் போதும்.

இதற்கான பழக்கம் உன் இரத்தத்திலேயே இருக்கிறது. உன் பாட்டன் கூத்து ஆடினான். வட்டக்களரியில் மத்தளமும் சல்லரியும் முழங்க, விடிய விடிய ஊர் சுற்றி இருந்து பார்த்தது. அந்தக் களரிக்கு முதலாளி கிடையாது. அண்ணாவியார் பழக்கினார், ஊர் செலவு செய்தது, ஊரே குறையும் சொன்னது. ஆட்டம் பிழைத்தால் முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இருந்தது. சொல்கிறவனின் முகமும் எதிரே தெரிந்தது. ஆயிரம் பேருக்கு நடுவே, ஒளிந்து நில்லாமல், தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு நின்ற பரம்பரை உன்னுடையது. சுவாமி விபுலானந்தரை உலகத்துக்குக் கொடுத்த மண் உன்னுடையது. முகம் தெரியாத எவனோ எழுதியதை ஒரு தட்டுத் தட்டி அனுப்புவதுதான் உன் கெட்டித்தனம் என்றால், எனக்கு அது பொறுக்கவில்லை.

எழுது! உன் வாவியின் நிலையை எழுது, மீன் விலையை எழுது, வேலை கிடைக்காமல் கட்டாருக்குப் போன அண்ணனை எழுது. உன் குரலில் காணொளி எடுத்துப் போடு. அவர்களின் மேடையைத் துணிந்து பயன்படுத்து. பயன்படுத்தி முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பு. உன் கோபம் உன் நீதிக்கு வேண்டும். அதை ஐந்து புள்ளிக்கு விற்காதே.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முஸ்லிம்கள் வாழும் ஏறாவூர் உனக்குச் சில மைல் தூரம். அங்கே உன் வயதில் ஒரு நண்பன், ஒரு தோழி, யாருடைய நம்பராவது உன் போனில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் கிழமையே தேடிப் போய்க் கேட்டு வாங்கு. அந்த ஊரைப் பற்றி உன் இரத்தம் கொதிக்கும் செய்தி ஒன்று திரையில் வரும்போது, பகிர்வதற்கு முன்னால் அந்த நம்பருக்கு ஓர் அழைப்பு எடு.