கடல் விலகிய தெருவில் கரையேறியோர் நன்றி

ஆபத்திலிருந்து காத்ததற்காகத் தெய்வத்துக்கு நன்றி செலுத்தும் வழக்கம், ஆபத்தே இல்லாத பயணத்துக்குப் பின்னும் பொருளுடையதாக இருக்குமா என்பது சமயத் தத்துவம் எளிதில் கடந்துசெல்ல முடியாத வினாக்களுள் ஒன்று. நூல்களை மட்டும் கொண்டு இதை ஆராய்வதைவிட, துறைமுக நகரம் ஒன்றின் தனித்தெரு ஒன்றை வைத்து ஆராய்வது கூடுதல் தெளிவு தரும். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு அதற்கு மிகவும் பொருந்திய இடம்.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்தெருதான் அந்நகரின் கடற்கரை. வடகிழக்குப் பருவக்காற்றோடு சீனத்திலிருந்து வந்த பாய்மரக் கப்பல்களின் பயணிகளும், தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிச் சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டவர்களும் இதையொட்டிய கரையில் இறங்கினர். இறங்கியவர்கள் வேலை தேடும் முன்பே, உயிரோடு வந்து சேர்ந்ததற்காகத் தத்தம் வழிபாட்டைச் செய்தனர். 1824இல் தோன்றிய ஃபுக் தக் சி கோயில், 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று வழங்கப்பட்ட அல் அப்ரார் பள்ளிவாசல், 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா, ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹொக் கெங் கோயில் ஆகிய நான்கும் ஒரே தெருவில், கூப்பிடு தொலைவில் அமைந்ததற்கு இதுவே காரணம். பள்ளிவாசலையும் தர்காவையும் எழுப்பியவர்கள் சூலியாக்கள்; சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களுக்கு நீரிணைக் குடியேற்றங்களில் வழங்கிய பெயர் அது. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகை கடலோடிகளைக் காப்பவர் என்ற நம்பிக்கையைக் கப்பலேறியவர்கள் தம்மோடு கொண்டு சென்றதால், அடக்கத்தலம் இல்லாத நினைவிடமாகவே இந்தத் தர்கா அமைந்தது. தியான் ஹொக் கெங் கோயிலின் மூலத்தெய்வமான மாட்சு, 10ஆம் நூற்றாண்டில் ஃபூஜியான் கரையோரத் தீவு ஒன்றில் லின் மோ என்ற பெண்ணாகப் பிறந்து, பின்னர் கடற்பயணிகளின் தாயாக வணங்கப்பட்டவர் என்று சீன மரபு கூறுகிறது.

1879இல் தொடங்கிய நிலமீட்புப் பணி அக்கரையை மண்ணால் தூர்த்தது. கடலை நோக்கி அமர்த்தப்பட்ட மாட்சுவின் எதிரே இன்று கடைவீடுகளும் அவற்றின் பின்னே அலுவலகக் கோபுரங்களுமே நிற்கின்றன. ஆபத்துக்கு விலை குறித்துப் பொறுப்பேற்கும் காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் நிறைந்த வட்டாரம் அது என்பதில் ஒரு நகைமுரண் இல்லாமல் இல்லை. தண்ணீரைக் காண விரும்பும் பார்வையாளர் செசில் தெரு, ராபின்சன் சாலை, ஷென்டன் வே ஆகியவற்றைக் கடந்து மரீனா விரிகுடாவுக்கு நடக்க வேண்டும். அங்கே காண்பதும் கடலன்று, 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்ட நன்னீர்த் தேக்கமே. அவர் வந்து சேரும் விதமும் அவ்வாறே மாறிவிட்டது. சாங்கி விமான நிலையத்தில் ரயிலேறி, எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் தடத்துக்கு மாறி, தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்குபவர், கையிலுள்ள வங்கி அட்டையை நுழைவாயிலில் ஒருமுறையும் வெளிவாயிலில் ஒருமுறையும் தொட்டு எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. காற்றுக்காகக் காத்திருந்து, நோய்க்கும் புயலுக்கும் தப்பி வந்தவர்கள் எழுப்பிய வாயிலின் முன், எதற்கும் தப்பாமல் வந்த ஒருவர் நிற்கிறார்.

இந்த வேறுபாட்டை முன்வைத்து நன்றி வழிபாட்டையே மறுக்கும் வலுவான வாதம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், 1757இல் வெளியிட்ட ‘சமயத்தின் இயற்கை வரலாறு’ என்ற நூலில், காரணம் அறியப்படாத நிகழ்ச்சிகளின் மீதான அச்சமும் எதிர்பார்ப்புமே மக்களைத் தெய்வங்களிடம் கொண்டுசேர்த்தன என்று விளக்கி, கடலோடிகளையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி டிரோப்ரியாண்டு தீவுகளில் கண்டது இவ்வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது: அமைதியான கழியில் மீன்பிடிக்கும்போது மந்திரச் சடங்கை நாடாதவர்கள், ஆழ்கடலுக்குச் செல்லும்போது விரிவான சடங்குகளை மேற்கொண்டனர். இவ்விளக்கம் முழு உண்மையானால், கடல் விலகியதும் தெலுக் ஆயர் வழிபாடும் விலகியிருக்க வேண்டும்.

பாதி அவ்வாறுதான் நடந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஃபுக் தக் சி 1998இல் அருங்காட்சியகமாயிற்று. நாகூர் தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. ஆனால் அல் அப்ராரில் தொழுகை நிற்கவில்லை, தியான் ஹொக் கெங்கில் ஊதுபத்திப் புகையும் அடங்கவில்லை. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து குசுத் தீவுக் கோயிலுக்குப் படகேறும் யாத்திரிகர்கள், அச்சம் என்று சொல்லத்தக்க எதையும் அக்குறுகிய பயணத்தில் சந்திப்பதில்லை. ஆகவே ஹியூமின் விளக்கம் இவ்வழிபாடுகள் பிறந்த சூழலுக்குப் பொருந்துகிறதேயன்றி, அவை நிலைத்த காரணத்தைத் தொடவில்லை.

அச்சத்தால் பிறக்கும் பக்தியின் குறையைச் சமயங்களே ஹியூமுக்கு முன்பு உணர்ந்திருந்தன என்பது இங்கே கருதத்தக்கது. அலை சூழும்போது இறைவனை உளமார அழைத்தவர்கள் கரையேறியதும் அவனை மறந்துவிடுவதைக் குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிக்கிறது. ஷுக்ர், அதாவது பெற்ற அருளை உணர்ந்து நன்றியுடன் இருத்தல், அந்த மரபில் புயலுக்குரிய மனநிலையாகவன்றிக் கரைக்குரிய மனநிலையாகவே எதிர்பார்க்கப்படுகிறது. தமிழ் வழக்கிலும் நேர்த்திக்கடன் வேறு, நன்றி வேறு. ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்ற வாக்கால் கட்டப்பட்ட நேர்த்திக்கடன் செலுத்தியதும் தீர்ந்துவிடும். குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரமோ, முன்னுதவி எதுவும் பெறாதவர் செய்த உதவிக்கு உலகமே ஈடாகாது என்ற கருத்தோடு தொடங்கித் தீர்க்க முடியாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறது.

தீர்க்க முடியாத இந்த நன்றிக்கு ஆபத்து ஒரு நிபந்தனையன்று, பிறரைச் சார்ந்திருத்தலே நிபந்தனை என்று கொண்டால், இன்றைய பார்வையாளரின் நிலை வேறாகத் தெரியும். பாய்மரக் கப்பலில் வந்தவர் தாம் நம்பியிருந்த மாலுமியையும் காற்றையும் கண்ணெதிரே கண்டார். அட்டையைத் தொட்டு வாயிலைக் கடப்பவரோ, விமானத்தைச் சரிபார்த்தவர், சுரங்கம் தோண்டியவர், நள்ளிரவில் தண்டவாளம் சீராக்கியவர் என எண்ணற்றோரைச் சார்ந்திருந்தும் அவர்களுள் ஒருவரையும் காண்பதில்லை. சார்பு மிகுந்துள்ளது, அது கண்ணுக்குத் தெரிவதுதான் குறைந்துள்ளது. அப்படியானால் நன்றியை அம்மனிதர்களுக்குச் சொன்னால் போதாதா, தெய்வம் எதற்கு என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு முழுமையான விடை சொல்ல இயலாது. ஆயினும், பெயரறியாத இத்தனை பேருக்கும், யாருடைய கைவேலையும் அல்லாத காற்றுக்கும் சேர்த்து நன்றி சொல்ல முற்படுபவருக்கு ஒரு முகவரி தேவைப்படுகிறது. சமயம் அதைத் தருகிறது. நம்பிக்கையற்றவர் அம்முகவரியை ஏற்க வேண்டியதில்லை, ஆனால் தமக்குக் கடப்பாடு எதுவுமில்லை என்று அவராலும் சொல்ல முடியாது.

தியான் ஹொக் கெங்கின் வாயிற்படி உயரமானது. அதை மிதிக்காமல் தாண்ட வேண்டும் என்பதால், உள்ளே செல்பவர் யாராயினும் தலை தாழ்த்திக் காலடியைப் பார்க்கிறார். பள்ளிவாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். இவற்றைப் பார்வையாளர்கள் சுற்றுலா விதிகளாக எண்ணிப் பின்பற்றினாலும், தம்முடையதல்லாத வீட்டில் நுழைகிறோம் என்ற உணர்வை அவை உடலளவிலேனும் ஏற்படுத்துகின்றன. நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருவோர் மரீனா விரிகுடாவின் கோபுரங்களில் தொடங்குவதே வழக்கம். தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கி இத்தெருவில் தொடங்குவதே முறை. வெள்ளிக்கிழமை நண்பகலில் அல் அப்ராரில் ஜும்ஆ தொழுகை நடைபெறும் என்பதால், தொழ வராதவர்கள் அந்நேரத்தைத் தவிர்க்க வேண்டும்.