உடம்பின் காவலும் உள்ளத்தின் காவலும்

ஆலயம் ஒன்றை அமைப்போர் முதலிற் கருவறையை எண்ணுவர். அடுத்து மதிலை எண்ணுவர். வாயிலில் துவாரபாலகர் நிற்பர். ஈசான மூலையில் வைரவர் காவல் புரிவார். இராப் பூசை நிறைவுற்றதும் ஆலயத்தை அவர் காவலில் விட்டுவிட்டே நாம் வீடு திரும்புகின்றோம். காவல் இல்லாத இடம் நிலைப்பதில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. வருவோர் அனைவரையும் தடியெடுத்து விரட்டுகின்ற காவலன் ஒருவன் வாயிலில் நின்றால் அங்கே வழிபாடு நடக்குமா? கள்வனையும் அடியவனையும் வேறுபிரித்தறியாத காவல் காவலாகுமா?

பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், நிர்ப்பீடனம் என்னும் நோயெதிர்ப்புப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் தொடங்கும்போது இந்தக் கேள்வியே எனது மனதில் முதலில் வந்து நிற்கும். அதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. அதனைக் கூறுமுன் உடம்பு தன்னைக் காக்கும் விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

உடம்பின் மதில்கள்

உடம்பின் முதல் மதில் தோல். அது கிழியாதிருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளுக்கு உள்ளே வழியில்லை. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளி தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடித்துக்கொள்கின்றது. இரைப்பையின் அமிலம் உணவோடு வரும் கிருமிகளுட் பலவற்றைக் கொல்கின்றது. நாம் அழும்போது சிந்தும் கண்ணீரிலும் காவல் உண்டு. சில பக்ரீரியாக்களின் சுவரை உடைக்கும் நொதியம் ஒன்று கண்ணீரிலும் உமிழ்நீரிலும் இருப்பதை 1922ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் வெளியிட்டார். பின்னாளிற் பென்சிலினைக் கண்டறிந்தவரும் இவரே.

மதிலைக் கடந்து வரும் கிருமியை எதிர்கொள்வது இரண்டாவது காவல். 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் இருந்த ரஷ்ய அறிஞர் எலி மெச்னிகோவ், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திரமீன் குடம்பிகளினுள் ரோசா முட்களைச் செலுத்திவைத்தார். மறுநாட் காலையிற் பார்த்தபோது அசையும் கலங்கள் பல முள்ளைச் சூழ்ந்து நின்றன. எமது குருதியிலுள்ள வெண்குழியங்களிற் சிலவும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன. காலில் முள் ஏறிய இடம் சிவந்து வீங்கிச் சீழ் பிடிப்பது இப்போரின் அடையாளமே.

மூன்றாவது காவலே மிகவும் நுட்பமானது. நிணநீர்க்குழியங்கள் எனப்படும் வெண்குழியங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறித்த வடிவத்தை மாத்திரம் இனங்காணும் திறன் உடையவை. எந்தக் கிருமி என்று வரும் என்பதை உடம்பு அறியாது. ஆகவே அது எண்ணிறந்த வடிவங்களுக்கு ஏற்ற குழியங்களை முன்கூட்டியே ஆக்கி வைத்திருக்கின்றது. கிருமி வந்ததும் அதற்குப் பொருந்துகின்ற குழியம் பன்மடங்காகப் பெருகுகின்றது. அவற்றுள் ஒருவகை கிருமியைப் பற்றிப் பிடிக்கும் புரதங்களைச் சுரக்கின்றது. அப்புரதங்களுக்குப் பாடநூல்கள் தரும் பெயர் பிறபொருளெதிரி.

இச்சொல்லை ஊன்றிப் பாருங்கள். பிறபொருளை எதிர்ப்பது என்பது அதன் பொருள். அப்படியாயின் எது பிறபொருள், எது தன்பொருள் என்பதை முன்னதாக யாரோ தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்ப்புப் பிழைத்தால் என்னவாகும்?

அக்காவின் தொண்டைநோ

எனது அக்காவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தொண்டைநோ வந்தது. அப்பாச்சி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். நாலைந்து நாளில் நோ மாறிவிட்டது. எல்லோரும் அதனை மறந்தும் விட்டோம். மூன்று கிழமை கழிந்தபின் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு முழங்கால் வீங்கியது. அது வற்ற, மற்ற முழங்கால் வீங்கியது. பின்னர் கைமூட்டு. படியேறினால் மூச்சு வாங்கியது. வைத்தியர் நெஞ்சிற் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். வாதக்காய்ச்சல், இருதய வால்வைத் தாக்கியிருக்கின்றது என்றார்.

நடந்தது இதுதான். தொண்டையில் வந்தது ஒருவகைப் பக்ரீரியா. உடம்பின் காவல் அதனோடு போரிட்டு வென்றது. ஆனால் அக்கிருமியின் சில பகுதிகள் எமது இருதயத் தசையிலும் வால்விலும் உள்ள சில புரதங்களைப் போன்ற சாயல் உடையவை. கிருமிக்கென உண்டான எதிர்ப்பு, கிருமி ஒழிந்த பின்னரும் அந்தச் சாயலைக் கண்டு சொந்த இருதயத்தையே பகையென்று தாக்கியது. பகைவனை வென்ற படை ஊர் திரும்பித் தன் வீட்டுக்கே தீ வைத்ததைப் போன்றது அது. தொண்டைநோ வந்த வேளையிலேயே பென்சிலின் மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் இது நேர்ந்திராது. அன்று எமக்கு அது தெரியவில்லை.

அன்றுமுதல் அக்காவுக்கு மாதந்தோறும் ஊசி. அந்த ஊசியின் வலியைவிட ஒரு சொல்லின் வலி அவருக்குப் பெரிதாக இருந்தது. பார்க்க வந்தவர்களுள் ஒருவர், "முற்பிறப்பில் என்ன வினை செய்ததோ, பிள்ளை" என்று பெருமூச்சுவிட்டார். இரக்கத்தோடு சொல்லப்பட்டதுதான். ஆயினும் அச்சொல் ஊரிற் பரவியது. அக்காவுக்குக் கல்யாணம் பேசிய வேளைகளிலெல்லாம் அது எங்களுக்கு முன்னே போய் வாசலில் நின்றது.

காவலனுக்குக் கற்பிக்கும் பாடம்

உடம்பு இத்தவறு நேராதிருக்க எவ்வளவு பாடுபடுகின்றது என்பதை அறியும்போது வியப்பு ஏற்படுகின்றது. நெஞ்செலும்பின் பின்னே தைமசு என்னும் சிறிய சுரப்பி ஒன்று உண்டு. அதன் பயன் நெடுங்காலமாக அறியப்படாதிருந்தது. 1961ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்னும் அறிஞர் அதனை வெளிப்படுத்தினார். என்புமச்சையிலிருந்து வரும் இளங்குழியங்கள் இங்கேதான் பயிற்சி பெறுகின்றன. எதனையும் இனங்காண இயலாதவை கழிக்கப்படுகின்றன. உடம்பின் சொந்தக் கலங்களை வலிதாகப் பற்றுகின்றவையும் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. நுழைந்தவற்றுள் மிகச் சிலவே தேறி வெளியே வருகின்றன. இச்சுரப்பி குழந்தைப் பருவத்திற் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகின்றது. யாரை அடிக்கக்கூடாது என்னும் பாடம் இளமையிலேயே கற்பிக்கப்பட வேண்டியது என்பதற்கு இதைவிட நல்ல உவமை வேண்டுமா?

இத்தேர்வில் தப்பி வெளியேறும் சில தவறான குழியங்களும் உண்டு. அவற்றை அடக்குவதற்கென்றே வேறொரு வகைக் குழியங்கள் இருப்பதை 1995இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி எடுத்துக்காட்டினார். அவற்றின் ஆக்கத்துக்கு இன்றியமையாத பரம்பரையலகை அடையாளங் காண்பதற்கு மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவரின் ஆய்வுகள் 2001இல் வழிவகுத்தன. அப்பரம்பரையலகு பழுதுற்றுப் பிறக்கும் குழந்தையின் குடலையும் தோலையும் சதையியையும் அதன் சொந்தக் காவலே தாக்குகின்றது. இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அடிக்கும் கையை அல்ல, அடிக்க ஓங்கிய கையைத் தடுக்கும் கையைக் கண்டமைக்கே அப்பரிசு கிடைத்தது எனலாம்.

அந்நியர் எல்லாம் பகைவர் அல்லர்

இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். பிறபொருள் யாவும் எதிர்க்கப்படுவதில்லை. எமது குடலில் வாழும் பக்ரீரியாக்களின் தொகை எமது உடற்கலங்களின் தொகைக்கு ஏறத்தாழ ஈடானது. அவை எம்மைச் சேர்ந்தவை அல்ல. எனினும் உணவைச் செரிக்க உதவுகின்றன. கே விற்றமினை ஆக்கித் தருகின்றன. காவல் அவற்றை அறிந்து, அவற்றின் இடத்தில் இருக்கவிடுகின்றது.

கருவிலுள்ள சிசுவை எண்ணிப் பாருங்கள். அதன் பரம்பரையலகுகளிற் பாதி தந்தையுடையவை. தாயின் உடம்புக்கு அது பாதி அந்நியம். ஆயினும் பத்து மாதமும் தாயின் காவல் அதனைத் தாக்காது பொறுத்துக்கொள்கின்றது. பொறுப்பதோடு நின்றுவிடவும் இல்லை. தனது பிறபொருளெதிரிகளைச் சூல்வித்தகத்தினூடாகச் சிசுவுக்கு அனுப்புகின்றது. பிறந்தபின் முதல் நாட்களிற் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலிலும் அவற்றை வைத்து ஊட்டுகின்றது. நாம் இவ்வுலகுக்கு வரும்போது எமக்கிருந்த காவலின் பெரும்பங்கு எம்முடையதன்று. எமது அம்மா தந்தது.

நினைவு வேறு, கறுவம் வேறு

"அம்மாள் வருத்தம் ஒருக்கால் வந்தவைக்குத் திரும்ப வராது" என்று எமது ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் கண்டு சொன்னது பெரும்பாலும் சரியே. உடம்பு நினைவில் வைத்திருக்கின்றது. 1846இல் பரோ தீவுகளிற் சின்னமுத்து பரவியபோது, டென்மார்க்கைச் சேர்ந்த பீற்றர் பானும் என்னும் இளம் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். 1781இல் அங்கு வந்த சின்னமுத்தில் அகப்பட்டுப் பிழைத்திருந்த முதியோருக்கு, அறுபத்தைந்து ஆண்டுகள் சென்ற பின்னும் அந்நோய் தொற்றவில்லை. 1796இல் எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைக்கு எதிராகச் செய்த தடுப்பு முயற்சியும் இந்நினைவையே துணைகொண்டது. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது.

அந்த நினைவு எத்தகையது என்பதே எனக்குப் பாடம். போர் முடிந்ததும் பெருகிய குழியங்களுட் பெரும்பாலானவை தாமாகவே மடிகின்றன. வீக்கம் வற்றுகின்றது, சூடு தணிகின்றது. சில குழியங்கள் மாத்திரம் நினைவோடு அமைதியாகத் தங்குகின்றன. உடம்பு மறப்பதில்லை, ஆனால் கொதித்துக்கொண்டிருப்பதும் இல்லை. கொதிப்பு அடங்காத உடம்பு தன்னைத்தானே அழிக்கும். மனிதருக்கும் அது பொருந்தும். எமக்குத் தீங்கு செய்தவரை மறக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரது சாயல் தெரிகின்றவரையெல்லாம், அவரது பிள்ளையை, உறவை, ஊரைப் பகைப்போமாயின், நாம் எமது இருதயத்தையே தாக்குகின்றோம். எல்லைவேலித் தகராறு ஒன்று மூன்று தலைமுறை பேசாதிருக்கச் செய்த குடும்பங்களை நாம் அறிவோம் அல்லவா?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். குழியங்களுக்கு அறம் தெரியுமா? தெரியாது. அவை தம் இயல்பின்படி இயங்குகின்றன. தைமசு கருணையாற் கற்பிக்கவில்லை. அக்காவின் குழியங்கள் பாவத்தால் பிழைக்கவுமில்லை. ஆகவேதான் நோயாளியைப் பார்த்து வினை என்று சொல்வது தகாது என்கின்றேன். வினை என்னும் கொள்கை எம்மை நாமே திருத்திக்கொள்ளும் அளவுகோல். அடுத்தவரின் கட்டிலை நோக்கி நீட்டும் விரல் அன்று. குழியத்துக்கும் எமக்கும் உள்ள வேறுபாடும் இங்கேயே இருக்கின்றது. தவறாகத் தாக்கிய குழியம் வருந்தமாட்டாது. தவறாகப் பேசிய மனிதன் வருந்தலாம். போய் மன்னிப்புக் கேட்கலாம்.

காவல் பெற்றவன் கடன்

கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரிற் கொள்ளைநோய் பரவியது. தானும் நோயுற்று மீண்ட வரலாற்றாசிரியர் தூசிடைடிசு, நோயாளர்மீது மிகுந்த இரக்கம் காட்டியோர் அந்நோயிலிருந்து மீண்டவர்களே எனப் பதிவு செய்துள்ளார். அந்நோயின் துன்பத்தை அவர்கள் அறிந்திருந்தனர். அது இரண்டாம் முறை தம்மைக் கொல்லாது என்பதையும் கண்டிருந்தனர். தடுப்பூசியின் அறமும் இதுவே. எமது பிள்ளைக்கு ஊசி போடுவது எமது பிள்ளைக்காக மாத்திரமன்று. ஊசி போடும் வயது வராத அயல்வீட்டுக் கைக்குழந்தைக்காகவும், நோயின் காரணமாக ஊசி போட இயலாதவருக்காகவும் ஆகும். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளர் 1993இற் பதிவானார். 2014இல் எமது பிராந்தியம் போலியோ அற்றது எனச் சான்றளிக்கப்பட்டது. ஒவ்வொரு தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்ததன் பலன் அது.

அக்கா கல்யாணம் செய்யவில்லை. எங்களை வளர்த்தார், எங்கள் பிள்ளைகளையும் வளர்த்தார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒழுங்கையில் விளையாடும் எந்தப் பிள்ளையாவது "தொண்டை நோகுது" என்றால் போதும். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, "வா ராசா, டொக்டரிட்டைக் காட்டுவம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். தாய் தகப்பன் வரும்வரை காத்திருக்கமாட்டார். அன்று வினை என்று சொன்னவரின் பேரப்பிள்ளையையும் அப்படி ஒருநாள் கூட்டிப்போனார். வழியில் அந்த வீட்டைத் தாண்டும்போது அவர் முகத்தில் எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை. பிள்ளைக்கு மருந்து கிடைத்தது. அவன் இன்று நன்றாக இருக்கின்றான்.

அக்கா இன்று எம்மிடையே இல்லை. அவரது உடம்பின் காவல் பிழைத்துப்போயிற்று. உள்ளத்தின் காவல் கடைசிவரை பிழைக்கவில்லை. தனக்கு நேர்ந்ததை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. அந்த நினைவை ஒருவர்மீதும் கல்லாக எறியவுமில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கு மதிலாகக் கட்டினார்.

ஆலய வாயிலில் நிற்கும் துவாரபாலகரை வணங்கி உள்ளே செல்லும்போது நாம் ஒரு கணம் நின்று சிந்திப்போமாக. எமது உள்ளத்தின் வாயிலில் நாம் வைத்திருக்கும் காவலன் யாரை விடுகின்றான், யாரை விரட்டுகின்றான்? அவனுக்கு ஆளைத் தெரியுமா, அல்லது சாயலை மாத்திரந்தான் தெரியுமா? உடம்பில் நோயும் உள்ளத்திற் கறுவமும் இன்றி எமது ஊர்மக்கள் யாவரும் நீடு வாழ எல்லாம்வல்ல இறைவன் திருவருளை வேண்டுவோமாக.