கடவுளின் பெயரும் குடிமக்களின் உறுதிமொழியும்

ஒரு நாடு தன் குடிமக்களிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பதில் தவறில்லை. அந்த விசுவாசத்தை அறிவிக்கும்போது கடவுளின் பெயரையும் சேர்த்துச் சொல் என்று கேட்க அதற்கு உரிமை உண்டா? கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் போகாமலே இதற்கு விடை தேட முடியும், தேடவும் வேண்டும். ஏனென்றால் அந்த உறுதிமொழியை நாள்தோறும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள்.

அமெரிக்காவில் இக்கேள்வி எழுபது ஆண்டுகளாக ஓயவில்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகள் காலையில் எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, கொடிக்கு விசுவாச உறுதிமொழி சொல்கிறார்கள். 1892-இல் அதை எழுதிய ஃபிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். பிரசங்க மேடையில் பழகியவராக இருந்தும் அவர் அதில் கடவுளைச் சேர்க்கவில்லை. கொடி, குடியரசு, பிரிக்க முடியாத ஒற்றுமை, அனைவருக்கும் சுதந்திரம், நீதி ஆகியவையே அதில் இருந்தன. அந்த வாசகத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள் இரண்டு உலகப் போர்களில் நாட்டுக்காக உயிர் கொடுத்தார்கள். உறுதிமொழியில் கடவுள் இல்லாததால் அவர்களுடைய நாட்டுப்பற்றில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

மாற்றம் வந்தது பனிப்போர்க் காலத்தில். 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்ற கத்தோலிக்க அமைப்பு 1951 முதலே தன் கூட்டங்களில் 'கடவுளின் கீழ்' என்ற தொடரைச் சேர்த்துச் சொல்லிவந்தது. 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில் ஜார்ஜ் டாக்கர்ட்டி என்ற போதகர், இருக்கும் வாசகத்தை மாஸ்கோவின் பிள்ளைகள்கூடத் தங்கள் கொடிக்குச் சொல்லிவிடலாமே என்று பிரசங்கித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர். அதே ஆண்டு ஜூன் 14 அன்று அவர் கையெழுத்திட, அந்தத் தொடர் சட்டமானது.

இதை ஆதரிப்பவர்களின் வாதங்களில் மிக வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வதே நியாயம். நாடு எல்லாவற்றுக்கும் மேலானதல்ல, அதற்கும் மேலே ஒரு நீதி உண்டு என்று அரசே ஒப்புக்கொள்வதுதான் அந்தத் தொடர் என்கிறார்கள். தன்னையே கடவுளாக்கிக்கொண்ட அரசுகள் இருபதாம் நூற்றாண்டில் செய்த கொடுமைகளைக் கண்டவர்கள் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். அரசுக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற அக்கறை உண்மையானது, அறமானது.

ஆனால் அந்தத் தொடர் எந்தப் பணிக்காக உள்ளே கொண்டுவரப்பட்டது என்று பார்க்க வேண்டும். நாங்கள் கடவுளுடையவர்கள், எதிரி கடவுள் இல்லாதவன் என்று பிரித்துக் காட்டவே அது வந்தது. பணிவைச் சொல்ல வந்த சொல்லாக இருந்திருந்தால் எதிரியை அடையாளம் காட்ட அது தேவைப்பட்டிருக்காது. மேலும், கடவுள் தன்னோடு இருப்பதாக நம்பும் அரசு தன் தவறுகளைக் கூர்ந்து பார்ப்பது அரிது. அதிகாரத்துக்கு எல்லை போடுவன அரசியலமைப்பும், சுதந்திரமான நீதிமன்றமும், கேள்வி கேட்கும் குடிமக்களும்தான். எல்லோருக்கும் நீதி என்ற பெல்லமியின் வாசகமே அந்த எல்லையைப் போதுமான அளவு சொல்லிவிட்டது.

இன்னொரு வாதம், அது வெறும் சம்பிரதாயம், பழகிப்போன சொல், அதில் மதம் ஏதுமில்லை என்பது. இது நம்பிக்கையாளரைத்தான் முதலில் புண்படுத்த வேண்டும். கடவுள் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் உண்டென்றால், அரசு ஒரு நம்பிக்கையைக் குழந்தைகளின் வாயில் திணிக்கிறது. பொருள் இல்லையென்றால், கோடிக்கணக்கானோர் உயிரினும் மேலாக மதிக்கும் பெயரை அரசு வெறும் அலங்காரமாக்குகிறது. ஐசன்ஹோவர் இதைச் சம்பிரதாயமாக நினைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நாட்டையும் மக்களையும் எல்லாம் வல்லவருக்கு அர்ப்பணிப்பதை இனி நாள்தோறும் அறிவிப்பார்கள் என்றே சட்டத்தில் கையெழுத்திட்ட அன்று அறிக்கை விட்டார்.

பிடிக்காதவர்கள் பேசாமல் இருந்துவிடலாமே என்பது மூன்றாவது வாதம். அந்த உரிமைகூட எளிதில் வந்ததில்லை. கொடிக்கு வணக்கம் செலுத்துவது சிலை வணக்கம் ஆகும் என்று நம்பிய யெகோவாவின் சாட்சிகள் பிரிவினரின் குழந்தைகள் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் பக்கமே நின்றது. அத்தீர்ப்புக்குப் பின் அந்தப் பிரிவினர் பல ஊர்களில் தாக்கப்பட்டார்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்களுடைய வழிபாட்டு மன்றம் கொளுத்தப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, எந்தக் குழந்தையையும் உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிபட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர். கடவுளுக்கு மிகவும் அஞ்சியவர்கள்.

சட்டம் தரும் உரிமை வேறு, வகுப்பறையில் ஏழு வயதுக் குழந்தையின் நிலை வேறு. முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும்போது தான் மட்டும் வாய் மூடி நிற்பது அதற்கு ஒரு தண்டனை. படைத்தவர் என ஒருவரை ஏற்காத சமண, பௌத்தக் குடும்பத்துப் பிள்ளையும், நம்பிக்கையற்ற வீட்டுப் பிள்ளையும் நாள்தோறும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: பொய் சொல்ல வேண்டும், அல்லது தனித்து நிற்க வேண்டும். மைக்கேல் நியூடோ என்ற தந்தை தன் மகளுக்காக இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2004-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வழக்குத் தொடுக்கத் தகுதியில்லை என்று முடித்துக்கொண்டது. கேள்வி அப்படியே நின்றது.

இந்தியாவும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். திருவிதாங்கூரின் தாணு பிள்ளை, இது நம்பிக்கையில் கட்டாயத்தைக் கொண்டுவரும் என்று எதிர்த்தார். உள்ளத்தின் புனிதமான உணர்வைச் சபை விவாதத்துக்கு இழுக்கலாமா என்று வருந்தினார் குன்ஸ்ரு. திருத்தத்துக்கு ஆதரவாக 41, எதிராக 68 வாக்குகள் விழுந்தன. திருத்தம் தோற்றது. மதத்தின் பெயரால் நாடு பிளந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில் அந்தச் சபை காட்டிய நிதானம் பெரியது.

அதே சபை கடவுளை முற்றிலும் விலக்கவும் இல்லை. பதவியேற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று மூன்றாம் அட்டவணை வழி விட்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பதவியேற்பு மேடைகளில் இரண்டையும் கேட்டிருக்கிறோம். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. தனி மனிதர் தன் சாட்சியைத் தானே தேர்ந்தெடுக்கிறார். எல்லோருக்குமான வாசகத்திலோ அந்தத் தேர்வை அரசு செய்துவிடுகிறது. 1962-இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதி, பின்னர் நாடெங்கும் பள்ளிகளுக்கு வந்த நம் தேசிய உறுதிமொழியில் கடவுள் இல்லை. எல்லோரையும் உடன்பிறந்தோராகக் காண்பதும் பெற்றோரையும் ஆசிரியரையும் மதிப்பதும் அதில் உண்டு. அறம் அதில் குறைந்துவிடவில்லை.

கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் குழந்தைகள் மூவர் 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி, அமெரிக்கத் தீர்ப்புகளையும் அலசி, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். சகிப்புத்தன்மை நம் மரபிலும் அரசியலமைப்பிலும் உள்ளது, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்பதே அவர் தீர்ப்பின் சாரம்.

ஒரு தேசத்தின் உறுதிமொழியில் அதன் கடைசிக் குடிமகனும் மனமறிந்து உண்மையாகச் சொல்லக்கூடியவை மட்டுமே இருக்க வேண்டும். கடவுளின் பெயர் அந்த அளவுகோலில் தேறாது. ஆகவே அது அங்கே இருக்கக் கூடாது. அதனால் நம்பிக்கையாளர் இழப்பது ஒன்றுமில்லை. வீட்டிலும் கோயிலிலும் மசூதியிலும் தேவாலயத்திலும் அந்தப் பெயரை அவர் முழு மனத்தோடு சொல்லலாம். அந்தத் தொடர் ஏற்கெனவே இடம்பெற்றுள்ள நாடுகளில், அது நீங்கும்வரை, சொல்லாமல் நிற்க உனக்கு உரிமை உண்டு என்று ஆசிரியர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்படி நிற்கும் பிள்ளையைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை மதிக்கக் கற்றுக்கொடுப்பது பெற்றோரின் கடமை.