கடனிலி யார்?

கடன் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தருவது. பிறர்பாற் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவன் தன் நிலைக்கேற்பச் செய்து தீரவேண்டிய செயலும் கடன். இவ்விரண்டும் ஒரு சொல்லான் வழங்குதல் வெறுஞ் சொற்பொருத்தம் எனக் கொண்டு விடற்க. செய்கடன் பெருகியவிடத்துக் கொள்கடனும் பெருகுதல் உலகியல்பு. இதற்கு இந்நாளிற் சிறந்த சான்றாவது, பண்டு சீயம் எனப்பட்டு 1939-ஆம் ஆண்டிலே தாய்லாந்து எனப் பெயர் மாறிய நாடு.

அந்நாட்டு மக்களுட் பெரும்பாலார் பௌத்தர். ஆண்மகன் இருபதாண்டு நிரம்பியபின் சின்னாளேனும் துவராடை புனைந்து விகாரையில் வைகுதல் அவர்தம் வழக்கம். அதனாலாகும் நல்வினைப்பயனைத் தாய்தந்தையர்க்கு உரித்தாக்கி, வளர்த்த நன்றிக்கு ஈடு செய்ததாக அவன் கருதுவன். துறவு கொடுக்குமுன் சங்கத்தார் அவனைப் பாலிமொழியிற் சில வினாக்கள் வினவுவர். அவற்றுள் அடுத்தடுத்து நிற்பன இரண்டு: நீ பிறர்க்கு அடிமையல்லாதவனோ என்பது ஒன்று, நீ கடனில்லாதவனோ என்பது மற்றொன்று. ஆம் எனக் கூறினாலன்றி அவன் துறவேற்றல் இயலாது. இல்லறத்தானுக்குரிய இன்பம் நான்கெனப் புத்தர் வகுத்தவற்றுள்ளும், பொருளுடைமை, அதனைத் துய்த்தல், குற்றமின்மை என்பவற்றோடு கடனின்மையும் ஒன்றாக எண்ணப்பட்டது.

இனி, அத்துறவு விழா நிகழும் முறையை நோக்குவோம். ஊர்வலம் வேண்டும், இசைக்குழு வேண்டும், சுற்றத்தார்க்கும் ஊரார்க்கும் விருந்து வேண்டும். இவற்றைச் சுருக்கினால் வீட்டின் மதிப்புக் குறையுமென அஞ்சிப் பெற்றோர் பலர் கடன்வாங்கி நடத்துகின்றனர். விருந்துக் கடனின் முறி வீட்டுப் பெட்டியிற் கிடக்க, மகன் சங்கத்தார்முன் நின்று யான் கடனில்லாதவன் என்கின்றான். அவன் பொய் கூறினானல்லன். முறியிற் கையெழுத்திட்டவன் தந்தை. ஆயினும் அவன் மெய்யாகக் கடனிலியோ? இவ்வினாவே இக்கட்டுரைக்கு எல்லை.

அந்நாட்டுக் குடும்பங்கள் பட்ட கடன், 2010-ஆம் ஆண்டையொட்டி நாட்டின் ஓராண்டு மொத்த விளைவில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்காயிருந்தது. 2021-இல் அது 90-ஐக் கடந்தது. 2024-ஆம் ஆண்டிறுதியில் 90-க்குச் சற்றுக் கீழ் வந்தது. அவ்விறக்கமும், கடன் கொடுப்போர் கையை இறுக்கியதனாற் பெரிதும் நேர்ந்ததேயன்றி, வாங்கினோர் செழித்தமையான் நேர்ந்ததன்று. தொகையாற் கூறின் ஏறத்தாழ 16 லட்சம் கோடி பாத்து. கடன் மிகுந்த வேறு பல நாடுகளில் அதன் பெரும்பகுதி வீட்டின்மேல் வாங்கியதாயிருக்கும். கடன் தீர்ந்தபின் வீடு எஞ்சும். ஈண்டு வீட்டுக்கடன் மூன்றிலொரு பங்களவிற்றே. வண்டிக்கும் அன்றாடச் செலவுக்கும் வாங்கியது மிகுதி. அது தீருமுன்னரே பொருள் தீர்ந்துவிடுகின்றது.

ஆசையே இதற்குக் காரணம் என்பார் பலர். அஃதொக்கும். சில ஆண்டுகளுக்குமுன் அந்நாட்டு இளைஞர் வாயில் ஒரு தொடர் வழங்கிற்று: இஃது இருந்தே தீரவேண்டிய பொருள் என்பது அதன் கருத்து. புதிய கைப்பேசியைக் கண்டாலும் காலணியைக் கண்டாலும் அதனைக் கூறி வாங்குவர். ஒன்பதாந் திங்கள் ஒன்பதாம் நாள், பதினொன்றாந் திங்கள் பதினொன்றாம் நாள் என எண் ஒத்த நாட்களையெல்லாம் இணையவணிகர் விற்பனைத் திருநாளாக்கினர். தவணையிற் செலுத்துதற்கு அந்நாட்டார் வழங்குஞ் சொல், இழுத்த கயிற்றைத் தளர்த்துதலையும் குறிப்பது. தவணையென்பது கயிற்றைத் தளர்த்துதல்போல் முதலிற் தோன்றுதலும், பின்னர் அக்கயிறே கழுத்திற் கிடத்தலும் அறியாதார் யார்?

ஆயினும் ஆசையொன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அகலுதல் எமக்கு நேர்மையாகத் தோன்றவில்லை. ஆண்டுதோறும் மே திங்களின் நடுவிற் பள்ளிகள் திறக்கும். அதற்குமுன் நகராட்சி அடகுக்கடைகளில் தாய்மார் வந்து நிரம்புவர். மகளின் சீருடைக்கும் கட்டணத்துக்குமாகக் கழுத்துச் சங்கிலி உள்ளே செல்லும். பொன்னை அந்நாட்டார் பாத்து என்னும் நிறையாலே அளப்பர்; ஒரு பாத்து 15 கிராமுக்குச் சற்று மிகும். பணத்தின் பெயரும் பொன்னின் நிறைப்பெயரும் அங்கே ஒன்றாயிருத்தலின், சங்கிலி அணிகலனாகவும் சேமிப்பாகவும் ஒருங்கே நிற்கும். ஆடம்பரம் என்று அயலார் இகழும் அப்பொன்தான் பள்ளி திறக்கும் மாதத்திற் குழந்தையின் கல்வியாய் மாறுகின்றது. அத்தாயைப் பார்த்து ஆசையை அடக்கு எனக் கூறுவான் எதனை அடக்கச் சொல்கின்றான்?

ஆசிரியர் நிலை இதனினும் சிந்தித்தற்குரியது. மாதந்தோறும் தவறாது சம்பளம் வருதலின், ஆசிரியர்க்குக் கடன் கொடுக்க எல்லாரும் முந்துவர். அவர்தம் சேமிப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொள்ளும். ஒருவர் கடனுக்கு உடன்பணியாற்றுவோர் பிணையாவர். நாளை அவர்க்கு இவர் பிணையாவர். உடன்பணியாளன் வந்து கேட்கும்போது மாட்டேன் என்றல் அந்நாட்டு நன்னடத்தைக்கு ஒவ்வாதது. 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மகாசாரக்காம் என்னும் ஊரிற் கூடிய ஆசிரியர் சிலர், அரசாங்கச் சேமிப்பு வங்கிக்குத் தாம் பட்ட கடனை இனிச் செலுத்தோம் என அறிக்கை படித்தனர். நாடு அவர்களைக் கடிந்தது. பிள்ளைகட்கு ஒழுக்கங் கற்பிப்போர் வாங்கியதைக் கொடேம் எனல் தகுமோ என்றனர் பலர். தகாது என்பதே எம் கருத்தும். ஆனால் அவ்வாசிரியர் கடன்களை எண்ணிப் பார்ப்பின், தமக்கென வாங்கியது எவ்வளவு, மறுக்கமாட்டாமற் பிணைநின்று தலையில் வீழ்ந்தது எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதாயிராது.

அம்மொழியிற் புன்குன் என்பதொரு சொல் உண்டு. புண்ணியம், குணம் என நாம் வழங்கும் வடசொற்களின் உறவே அஃது. செய்த உதவியையும், அதனைப் பெற்றவன் என்றும் மறவாது திருப்பிச் செய்யவேண்டிய கட்டுப்பாட்டையும் அச்சொல் ஒருங்கே உணர்த்தும். இதற்குத் தவணை இல்லை. வட்டி விகிதம் இல்லை. தீர்ந்தது என எழுதித்தரும் முறியும் இல்லை. தலைநகரிற் கூலிக்குச் செல்லும் மகள் மாதந்தோறும் ஊருக்குப் பணம் விடுத்தலும், விழாவெடுத்து மகனுக்குத் துவராடை புனைவித்தலும் இதன்பாற்பட்டன. வடித்தெடுத்த நல்லுணர்ச்சி இது. யாம் இதனைக் குறை கூறேம். ஆனால் அளவில்லாத கடமையை அளவுள்ள வருவாயாற் செலுத்தப் புகும்போது, இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புதற்குக் கடன்காரனே வருகின்றான்.

அவன் எத்தகையன்? அந்நாட்டுச் சட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு 15-க்கு மேற்பட்ட வட்டியைப் பொதுவாக விலக்கியுள்ளது. அதனை மீறுவார்க்குத் தண்டமும் 1932-ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டது. வங்கியில் ஏறமாட்டாத அங்காடிக்காரியைத் தேடி வருவோர், மோட்டார் சைக்கிளிற் சுற்றித் தண்டுவதனால் தலைக்கவசக் கூட்டத்தார் எனப் பெயர் பெற்றனர். அவர் கேட்பது திங்களொன்றுக்கு நூற்றுக்கு 20. பதினாயிரம் பாத்து வாங்கியவள் ஒரு திங்களிற் கட்டும் வட்டி 2,000. சட்டம் ஓராண்டு முழுமைக்கும் இசைவது 1,500.

கொடுப்போர் பிழையைக் கூறுங்கால் அரசினரை விடுதல் முறையன்று. 1997-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் பாத்து நிலைகுலைந்து பெருந்துன்பம் விளைந்தபோது, அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் மன்னர் பூமிபோல் ஆற்றிய உரையில், புலியாதல் பெரிதன்று, போதுமென வாழ்தலே பெரிது என்னுங் கருத்தை எடுத்துரைத்தார். பள்ளிப் பாடங்களினும் அது புகுந்தது. ஆனால் 2001-இல் ஊருக்குப் பத்து லட்சம் பாத்தாகக் கடனிதி வகுக்கப்பட்டது. 2011-இல், முதன்முதற் கார் வாங்குவோர்க்கு ஒரு லட்சம் பாத்து வரையில் வரி திருப்பித் தரப்படுமென்று அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். போதும் என்னும் உரையைச் சுவரில் எழுதிவைத்து, வாங்குக என்று கையிற் பணந்தந்தால், மாணாக்கன் எதனைக் கற்பான்? கார் வாங்கியவன் ஐந்தாண்டு அதனை விற்றலாகாது என்பதும் அத்திட்டத்தின் விதி. தவணை கட்ட முடியாதவனுக்கு அவ்வண்டியே விலங்காயிற்று.

சங்கத்தார் வினாவில் அடிமையும் கடனும் அடுத்தடுத்து நிற்றலின் காரணம் ஈண்டு விளங்கும். பண்டைச் சீயத்திற் கடன் தீர்க்கமாட்டாதான் தன்னையும் மனைவி மக்களையும் விற்று அடிமையாவான். அவன் செய்யும் வேலையெல்லாம் வட்டிக்கே சரியாகும். முதல் ஒரு காசும் குறையாது. மன்னர் சூலாலங்கரணர் 1874-இல் தொடங்கிப் படிப்படியே இதனை ஒழித்து, 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சிய அடிமைகளின் முதலில் திங்கள்தோறும் 4 பாத்து கழியச் செய்தார். உழைப்பு முதலையும் குறைக்கவேண்டும் என்பதே அச்சட்டத்தின் உயிர். இனி, இந்நாளைய சுழற்கடனை நோக்குக. குறைந்த தவணையே கட்டிவருவான் ஒருவன் பல்லாண்டு கட்டியும் முதல் நின்றபடி நிற்றலைக் காண்கின்றான். அவனை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆயினும் நாளைய உழைப்பு அவனுடையதன்று. தாய்லாந்து வங்கி 2024-ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திய விதிகளில், ஐந்தாண்டில் முதலினும் வட்டியே மிகுதியாகக் கட்டிய குறைந்த வருவாயினர்க்கு, நூற்றுக்கு 15-க்கு மேற்படாத வட்டியில் ஐந்தாண்டுக்குள் முடித்துக்கொள்ளும் வழி காட்டப்பட்டது. வாங்குவானது ஆற்றலை நோக்கியே கொடுத்தல்வேண்டும் என்பதும் கொடுப்போர் கடமையாக எழுதப்பட்டது. இத்தனை காலமும் வாங்குவானை நோக்கியே எழுந்த வினா, சிறிதளவேனும் கொடுப்பான் பக்கந் திரும்பியது இதுவே.

துறவேற்ற இளைஞனை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். மழைக்காலம் மூன்று திங்களும் விகாரையில் வைகியபின், பெரும்பாலார்போல் அவனும் துவராடை களைந்து வீடு திரும்புகின்றான். சிலர் பதினைந்து நாளிலேயே திரும்புவர். இசைக்குழுவினர் அடுத்த ஊர் சென்று பல நாளாயின. விருந்துக் கடனின் தவணை இன்னும் பாதியும் முடிந்திலது, தந்தைக்கு முதுகுவலி. மகன் பாங்காக்குக்குப் பேருந்து ஏறுகின்றான்.