இருளை விலைக்கு வாங்க முடியாது

வானியல் ஆர்வலர்கள் பலருக்கு ஒரு வயதுக்கு மேல் ஒரே ஆசைதான். நகரத்து வீட்டை விற்றுவிட்டு, தெருவிளக்கு இல்லாத ஏதாவதொரு தீவில் சின்னதாக ஒரு வீடு வாங்கி, முற்றத்தில் தொலைநோக்கியை நிரந்தரமாக நிறுத்திவிட வேண்டும். இந்த ஆசையை நான் மதிக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை வெகுதூரம் வண்டியோட்டிப் போய், விடிவதற்குள் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிக்கொண்டு திரும்புகிறவருக்கு, கதவைத் திறந்தால் பால்வெளி தெரிகிற வீடு எவ்வளவு பெரிய பேறு என்பது தெரியும்.

அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. 2016-இல் வெளியான இரவு வானத்தின் உலக வரைபடம், மனிதரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அவர்கள் வாழும் இடத்திலிருந்து பால்வெளி தெரிவதில்லை என்று காட்டியது. 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு, பல நாட்டுப் பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை அனுப்பிய பதிவுகளை வைத்து, வானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வெளுத்துக்கொண்டே வந்ததாகக் கணக்கிட்டது. அப்படியானால் எட்டாண்டுக்குள் வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும். 250 விண்மீன்கள் தெரிகிற ஊரில் பிறக்கும் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது நூறுதான் மிஞ்சும். அந்தக் குழந்தை எங்கும் குடிபெயரவில்லை. அதன் தலைக்கு மேலிருந்த வானம்தான் போய்விட்டது.

இதிலிருந்து தப்பத்தான் தீவைத் தேடுகிறார்கள். சுற்றிலும் கடல், கடலில் விளக்கில்லை என்பது கணக்கு. இந்தக் கணக்கு பாதிதான் சரி. கணவாய் பிடிக்கும் படகுகள் ஏற்றும் விளக்குகள் விண்வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். அறுபது எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நகரத்தின் ஒளி தொடுவானத்தில் ஒரு வெளிர்ந்த குமிழாக எழுந்து நிற்கும். அந்தக் குமிழ் எந்தத் திசையில் நிற்கிறது என்பதை வீடு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டும். வடக்கே தள்ளியுள்ள அட்சரேகைகளில் பால்வெளியின் மையப்பகுதி தெற்கே தாழ்வாகத்தான் நகரும். தெற்கில் நகரம் இருந்தால் கோடை முழுவதும் வீண். கடற்காற்றின் உப்பு கண்ணாடிப் பூச்சைத் தின்னும். பனி வில்லையின் மேல் படியும். காற்றில் தொலைநோக்கி நடுங்கும். இவற்றையெல்லாம் விட மேகம் முக்கியம். இருண்ட தீவு வேறு, தெளிந்த தீவு வேறு.

அட்சரேகையும் வேலையைக் காட்டும். ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள கால் என்னும் தீவுக்கு 2013-இல் இருண்ட வானத் தீவு என்ற தகுதி கிடைத்தது. அங்கே தெருவிளக்கே கிடையாது. ஆனால் அது ஐம்பத்தாறரை பாகை வடக்கில் இருக்கிறது. மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை சூரியன் தொடுவானத்துக்குக் கீழே போதிய ஆழம் இறங்குவதில்லை. வானியலார் இருள் என்று கணக்கிடும் இருள் அந்த மூன்று மாதமும் வராது. வீட்டு வரி பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு.

நான் அதிகம் யோசித்தது ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவைப் பற்றித்தான். இங்கே ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். துறைமுகம், விமான நிலையம், வாழைத் தோட்டங்கள், நகரங்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் உலகின் மிகச்சிறந்த வானங்களில் ஒன்று இதன் மேலே இருக்கிறது. 1988-இல் ஸ்பெயின் நாடாளுமன்றம் இந்த வானத்துக்காக ஒரு சட்டமே இயற்றியது. தெருவிளக்கு எப்படி இருக்க வேண்டும், எந்த அலங்கார விளக்கு நள்ளிரவுக்குப் பின் அணைய வேண்டும், வானொலி அலை எவ்வளவு, விமானம் எந்த வழியில் பறக்கலாம் என்பதுவரை அதுவும் அதன் விதிமுறைகளும் பேசுகின்றன. எதிரே உள்ள டெனரீஃபே தீவில், லா பால்மாவுக்கு நேராகத் தெரிகிற பகுதியின் விளக்குகளும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. பக்கத்து ஊரின் இருளுக்காகத் தன் ஊர் விளக்கைத் தாழ்த்துவதற்குச் சட்டம் செய்திருக்கிறார்கள்! இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

லா பால்மாவில் வீடு பார்ப்பதும் ஒரு பாடம். வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று ஓயாமல் வீசும். அது மலையில் மோதி, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் மேகக்கடலாகப் பரந்து நிற்கும். 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோக்கே தெ லோஸ் முச்சாச்சோஸ் ஆய்வகத்துக்கு அந்த மேகம் ஒரு கொடை, கீழே ஊர்களின் வெளிச்சத்தை மூடிவிடும். மேகத்துக்குக் கீழே வீடு வாங்கியவருக்கோ அதே மேகம்தான் கூரை. அதனால்தான் ஆர்வலர்கள் புன்டகோர்டா, கராஃபியா போன்ற வடமேற்கு ஊர்களை நாடுகிறார்கள். அங்கும் சில நாள்களில் சகாரா பாலைவனத்துத் தூசி கடல் கடந்து வந்து வானத்தைப் பழுப்பாக்கும். 2021 செப்டம்பர் 19 அன்று தீவின் தெற்கே கும்ப்ரே வியேகா எரிமலை வெடித்தது. 85 நாள்கள் நீடித்தது. ஆரிடானே பள்ளத்தாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிமலைக் குழம்புக்கடியில் புதைந்தன. தீவில் நிலம் வாங்குகிறவர் வானத்தை மட்டும் பார்த்து வாங்க முடியாது.

ஆங்கிலக் கால்வாயில் உள்ள சார்க் தீவு லா பால்மாவுக்கு நேர் எதிரான இடம். பரப்பு ஐந்தரை சதுர கிலோமீட்டர், மக்கள் ஐந்நூறு பேர் அளவில். கார் அனுமதி இல்லை. டிராக்டர், சைக்கிள், குதிரை வண்டிதான். 2011 ஜனவரியில் உலகின் முதல் இருண்ட வானத் தீவு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அதற்கு முன் ஊரின் விளக்குகள் கணக்கெடுக்கப்பட்டன. தகாத விளக்குகளை மாற்றிக்கொண்டார்கள். நியூசிலாந்தின் ஆவோடேயா என்னும் கிரேட் பேரியர் தீவுக்கு 2017-இல் கிடைத்தது வேறொரு தகுதி, இருண்ட வானச் சரணாலயம். ஆக்லாந்திலிருந்து படகில் நாலரை மணி நேரம். தீவு முழுவதற்குமான மின்கட்டமைப்பே இல்லை. அவரவர் கூரையில் சூரியத்தகடு, அவரவர் மின்கலம். குளிர்காலத்தில் பால்வெளியின் மையம் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். நம் கன்னியாகுமரியிலிருந்து தெற்குத் தொடுவானத்தை ஒட்டி மட்டும் தலைகாட்டும் பெரிய மெகல்லன் மேகம் என்னும் விண்மீன் மண்டலம் அங்கே இரவெல்லாம் மறைவதே இல்லை. நம் கார்த்திகை மீன்களை அங்குள்ள பூர்வகுடி மாவோரிகள் மத்தாரிக்கி என்கிறார்கள். அவை விடியலில் திரும்பத் தோன்றும் பருவத்துக்கு 2022 முதல் அந்நாட்டில் பொது விடுமுறை.

அதே ஆவோடேயாவில் மருத்துவமனை இல்லை. அவசரம் என்றால் ஹெலிகாப்டர் வர வேண்டும். உயர்நிலைப் பள்ளியும் இல்லை. பிள்ளைகள் படிப்புக்காகத் தீவை விட்டுப் போகிறார்கள். வெளியிலிருந்து வருகிறவரை மயக்கும் இருளும் இந்த இல்லாமைகளும் ஒரே காரணத்திலிருந்து வருபவை. மின்கம்பி வராத ஊருக்கு மற்றதும் எளிதில் வராது. தொலைநோக்கியோடு வந்து இறங்குகிறவர் இருளைத் தேர்ந்தெடுத்தவர். அங்கே பிறந்து வளர்ந்த தாய் தன் மகனைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பிரிவதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, ஊர் இப்படியே இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இருளை யாரும் மனையோடு சேர்த்துக் கிரயம் செய்துகொள்ள முடியாது. அது கண்மாய்த் தண்ணீரைப் போல. வயல் உன்னுடையதாக இருக்கலாம், கரையை ஊரே கூடித்தான் காக்க வேண்டும், ஒருவன் மடையை உடைத்தால் எல்லார் நிலமும் காயும். குன்றின் மேல் ஒரு விடுதி வெள்ளொளி விளக்குகளை மேல்நோக்கி வைத்தால், மலையின் அந்தப் பக்கம் முழுதும் வானம் போயிற்று. இருண்ட தீவு என்ற பெயர் பரவப் பரவ விடுதிகள் வரும். மனை விலை ஏறும். ஓய்வுக்கால வீடுகள் ஆண்டில் பாதிநாள் பூட்டிக் கிடக்கும், காவலுக்கென்று வாசல் விளக்கு மட்டும் எரியும். அந்த ஊர் இளைஞர்களுக்குக் குடியிருக்க இடம் கிடைக்காது. வானத்தை நேசித்து வந்தவர்களே வானத்தைக் கெடுக்கும் கூட்டமாகலாம். ஆகவே தீவுக்குப் போகிறவர் வானத்தின் அளவீட்டைக் கேட்பதற்கு முன் ஊர்ச்சபையின் முடிவுகளைக் கேட்க வேண்டும். அந்த இருளுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறதா, வழக்கம் இருக்கிறதா, வறுமை மட்டும்தானா? வறுமையால் இருண்டிருக்கும் ஊர் நாளை வெளிச்சமாகும். ஆகவும் வேண்டும். சட்டமும் சம்மதமும் காக்கும் இருள்தான் நிலைக்கும். லா பால்மாவின் 80 ஆயிரம் பேர் விளக்கோடும் வாழ்கிறார்கள், வானத்தோடும் வாழ்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது வயதில் இருட்டில் ஏழு மில்லிமீட்டர் விரியும் கண்மணி, அறுபது வயதில் பொதுவாக ஐந்து மில்லிமீட்டர் அளவே விரியும். உள்ளே புகும் ஒளி பாதியாகிவிடும். அதோடு கண்புரையும் சேரும். தீவில் வீடு வாங்கப் பணம் சேர்வதற்குள் பெரும்பாலோருக்கு இந்த வயது வந்துவிடுகிறது. வெறுங்கண்ணால் வானத்தை முழுதாகப் பார்க்கும் பருவம் பள்ளிக்கூடப் பருவம். அந்தப் பிள்ளைகள் தீவில் இல்லை. நம் தெருக்களில், வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு அடியில் நிற்கிறார்கள். நீல ஒளி காற்றில் அதிகம் சிதறுவதால் அந்த வெள்ளை விளக்குகள் பழைய மஞ்சள் விளக்கைவிட வானத்தை அதிகம் வெளுக்கச் செய்கின்றன.

காற்றையோ ஆற்றையோ கெடுத்தால் சரியாகப் பல்லாண்டு பிடிக்கும். கெட்ட வானம் விளக்கைத் தாழ்த்திய கணமே திரும்பிவிடும். தீவுக்குப் போக முடிந்தவர்கள் போகட்டும், அங்கே நல்ல அண்டை வீட்டாராக இருக்கட்டும். போகாத நாம் செய்யக்கூடிய காரியம் சிறியது, ஆனால் இன்றே செய்யக்கூடியது. மொட்டைமாடி விளக்கை இரவு பத்துக்கு அணையுங்கள். வாசல் விளக்குக்கு மேலே ஒரு மூடி போடுங்கள். உங்கள் தெருவிளக்குகள் கீழ்நோக்கி மட்டும் ஒளிவிட வேண்டும், மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும் என்று உங்கள் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு மனு கொடுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.