சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டிய பணம்

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் சீட்டு கைக்கு வரும் முன்பே இரண்டு பேர் பணம் வைத்தாக வேண்டும். ஒருவர் பாதி, அது ஸ்மால் பிளைண்ட். அடுத்தவர் முழுசு, பிக் பிளைண்ட். அந்த இடத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை, சுற்றில் முறை வந்துவிடுகிறது. ரம்மியில் முதல் டிராப்புக்கே 20 பாயின்ட் போவதுபோல, இங்கே சீட்டைக் கவிழ்த்தாலும் கைக்காசு போகும்.

ஆடாமல் இருப்பதற்கும் விலை உண்டு என்ற இந்த நிலைமையைக் கடவுள் விஷயத்துக்குக் கொண்டுபோனவர் பிரெஞ்சுக் கணிதமேதை பிளேஸ் பாஸ்கல். கடவுள் உண்டா இல்லையா என்பதில் பந்தயமே கட்டாமல் ஒதுங்கிக்கொள்ளலாமே என்பவருக்கு, ஒதுங்க வழியில்லை, ஏற்கெனவே கப்பல் ஏறியாயிற்று என்பது அவர் பதில். அவர் இறந்தபின் 1670இல் அச்சேறிய குறிப்புகளில் அது இருக்கிறது.

இதே பாஸ்கல்தான் 1654இல் இன்னொரு கணிதமேதை ஃபெர்மாவோடு கடிதத்தில் சூதாட்டக் கணக்குப் போட்டவர். பாதியில் நிற்கும் ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது? நடுவில் வைத்த பணம் இனி வைத்தவருடையது அல்ல, அதிர்ஷ்டம் தருவதை எதிர்பார்க்கும் உரிமை மட்டுமே அவருக்கு மிச்சம் என்று, இதைப் பற்றி எழுதிய நூலில் ஆரம்பித்தார். ‘என் காசு கிடக்கிறதே’ என்று குப்பைச் சீட்டோடு தொங்குகிறவருக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

ஆனால் அந்தக் காசை அடியோடு மறந்தாலும் தப்பு. பிக் பிளைண்ட் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 250க்கு ஏற்றுகிறார், ஸ்மால் பிளைண்ட்காரர் 50ஐ விட்டுவிட்டுக் கவிழ்க்கிறார். நடுவில் 400. பிக் பிளைண்டில் இருப்பவர் இன்னும் 150 போட்டால் போதும், மொத்தம் 550. நூற்றுக்கு 27க்குக் கொஞ்சம் மேல் வாய்ப்பிருந்தால் கணக்கு நேராகிவிடும். மட்டமான கை என்று பேர் வாங்கிய, இனம் மாறிய 7-2கூட, ஏஸ்-ராஜாவுக்கு எதிரே கடைசிச் சீட்டுவரை நின்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருமுறை ஜெயிக்கும்.

கடைசிவரை நிற்க விடுவார்களா? எதிரில் இருப்பவர் மறுபடி கட்டுவார், 7-2 பாதி வழியிலேயே ஓடவேண்டி வரும். அவரிடம் இருப்பது இரண்டு ஏஸ் என்றால் வாய்ப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அதனால்தான் ஒரே இனத்து 8-7ஐ வைத்துக்கொண்டு 7-2ஐ விடுகிறார்கள். ஸ்மால் பிளைண்ட் இன்னும் சங்கடம். பின்னால் ஒருவர் வாய் திறக்கவில்லை, ஃப்ளாப் எனும் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்ததும் முதலில் பேசவேண்டியதும் இவரே. தேர்ந்தவர்கள் அங்கே இன்னும் அதிகமாகக் கவிழ்ப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பிக் பிளைண்டில் ‘சரியான’ கை என்பது லாபம் தரும் கை என்று அர்த்தமில்லை. கவிழ்த்தால் 100 போகும். ஆடினால் சராசரியாக 60தான் போகும் என்றால் ஆடுவதே சரி.

இந்தக் கணக்கெல்லாம் செல்லுவது, நடுவில் கிடப்பது எண்ணக்கூடிய பணம் என்பதால். பாஸ்கல் நடுவில் வைத்ததோ முடிவற்ற ஆனந்தம். அப்படியொரு பரிசு கிடந்தால் எந்தக் கையையும் கவிழ்க்க முடியாது, கை தேர்வுக்கே வேலையில்லை. இதே வாதத்தை ஓர் இமாமும் வைக்கலாமே என்று பிறகு பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ மடக்கினார். அளவற்ற பரிசு காட்டும் மேசை ஒன்றல்ல, பல. எதில் உட்காருவது என்பதற்கு பாஸ்கலின் பந்தயத்தில் கணக்கு இல்லை.